லண்டன் மெட்ரிக்கிலிருந்து மெய்நிகர் கன்டீன் வரை

மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் 1916இல் முதன்முதலாக ஓர் இலங்கையர் சித்தியடைந்தார். நான்கு ஆண்டு கழித்து அதே மனிதர் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் எடுத்தார். காரைதீவில் பிறந்த மயில்வாகனம் அவர். சுவாமி விபுலாநந்தர் என்று பின்னாளில் நாம் அறிந்தவர். லண்டன் பட்டம் எடுக்க அவர் லண்டனுக்குப் போகவில்லை. ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே படித்தார்.

இந்த இரண்டு பரீட்சைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். ஒன்றில் சூத்திரமும் உரையும் நாவில் நிற்க வேண்டும். மற்றதில் பௌதிகத்தை ஆங்கிலத்தில் சிந்தித்து, கண்டறியாத ஒரு பரீட்சகருக்குப் பிடித்த ஒழுங்கில் விடை எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டுத் தர ஆளில்லை. அவரே போட்டுக்கொண்டார். பழந்தமிழ் இசையையும் பௌதிகக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது அந்தப் பாலத்தின் மேல்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் விபுலாநந்தர் ஒருவர். அதே காலத்தில் லண்டன் பரீட்சைக்குப் பணம் கட்டி, இரவெல்லாம் படித்து, வழியில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. தூரத்திலிருந்து படிப்பவர்களின் கதையை நாம் எப்போதும் வென்றவர்களை வைத்தே சொல்லி வந்திருக்கிறோம். பண்பாட்டு இடைவெளியைத் தாண்டுவது மாணவரின் பாடு என்ற எண்ணம் அதனாலேயே நம்மிடம் ஊறிவிட்டது. அந்த எண்ணத்தைத்தான் கடந்த முப்பது ஆண்டுகளாக ஆராய்ச்சிகள் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் அன்றைய ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் ஒரு புதிய சாசனம் பெற்றது. அதுவரை, அங்கீகரித்த கல்லூரி ஒன்றில் படித்த சான்று இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். அந்தக் கட்டுப்பாடு போய், எங்கே எப்படிப் படித்தாலும் பரீட்சைக்கு வரலாம் என்று ஆனது. 1865இல் மொரிசியஸ் தீவில் பரீட்சை நடந்தது. வினாத்தாள் முத்திரையிட்டுக் கப்பலில் போனது. விடைத்தாள் கப்பலில் திரும்பி வந்தது. 1878இல் பெண்களுக்கும் பட்டம் என்ற கதவு திறந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையிலும் லண்டன் பரீட்சைகள் நடக்கத் தொடங்கிவிட்டன. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தபோதும், அது மாணவர்களைத் தயார்செய்தது லண்டன் பட்டத்துக்குத்தான். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை இந்த நாட்டில் பட்டம் என்றால் பெரும்பாலும் லண்டன் பட்டம்.

யாழ்ப்பாணத்துப் பழைய ஆசிரியர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘லண்டன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். லண்டன் மெட்ரிக், இன்டர் ஆர்ட்ஸ், பி.ஏ. என்று படிப்படியாக ஏறிய தலைமுறை அது. வெளிவாரி மாணவர் என்று அவர்களுக்குப் பெயர். அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. பாடத்திட்டத்தை வெளியிட்டது, பரீட்சை வைத்தது, பெறுபேறு சொன்னது, அவ்வளவுதான். கற்பித்தல் என்ற ஒன்றைத் தன் பொறுப்பாக அது எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்த வெற்றிடத்தில் தபால் கல்லூரிகள் முளைத்தன. வில்லியம் பிரிக்ஸ் 1887இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கல்லூரி அவற்றில் பெயர் பெற்றது, எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் அதில் வேலை பார்த்தார். பாடக் குறிப்பு தபாலில் வரும், விடை தபாலில் போகும். குறிப்பு எழுதியவருக்குத் தன் மாணவர் மட்டக்களப்பில் இருக்கிறாரா மான்செஸ்டரில் இருக்கிறாரா என்று தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே குறிப்பு.

இதில் ஒரு நியாயமும் இருந்தது, அதை மறுக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து விடைத்தாளையும் லண்டன் விடைத்தாளையும் ஒரே அளவுகோலில் அளந்தார்கள். அடிமை நாட்டு மாணவனுக்கு அந்தச் சமத்துவம் சின்ன விஷயமல்ல. தென்னாபிரிக்கச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா 1989இல் சட்டப் பட்டம் பெற்றதும் தபால்வழிக் கல்வியால்தான். 1946இலேயே அஞ்சல்வழிக் கற்பித்தலைத் தொடங்கிய தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகம் அவருக்கு அதைக் கொடுத்தது.

பிறகு வந்தது திறந்த பல்கலைக்கழகங்களின் காலம். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்று 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பிபிசி ஒளிபரப்பைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் உண்மையான புதுமை வேறு. ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் தெரிந்த ஒரு டியூட்டரைக் கொடுத்தார்கள். அவர் ஒப்படையைத் திருத்தும்போது புள்ளி போட்டால் போதாது. ஏன் இந்தப் புள்ளி, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். அவர் எழுதிய குறிப்பை மேலே ஒருவர் எடுத்துப் பார்த்து, சரியாக எழுதுகிறாரா என்று கவனிப்பார். திருத்துவதும் ஒரு தொழில், அதற்கும் பயிற்சி வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட இடம் இது.

அந்த மாதிரியைப் பின்பற்றி 1980இல் நாவலையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. வேலை பார்த்துக்கொண்டே கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமா படித்த ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் அந்த டிப்ளோமா இருந்தது. பயிற்சி பெறாமலே வகுப்பறைக்குள் அனுப்பப்பட்டிருந்த ஆசிரியர்களுக்காக 1980களில் கல்வி அமைச்சு தனியாக ஒரு தொலைக்கல்வித் திட்டத்தையும் நடத்தியது. அச்சடித்த தொகுதிகள், வார இறுதியில் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சந்திப்பு வகுப்பு, மாதக்கணக்கில் காத்திருந்து கையில் கிடைக்கும் ஒப்படை. போர்க்காலத்தில் வடக்குக்கும் கிழக்குக்கும் தபால் ஒழுங்காகப் போகாத ஆண்டுகளும் இருந்தன.

அந்த ஒப்படைத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நீல மையில் மாணவர் எழுதியது, இடப்பக்க ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தியவர் எழுதியது. ‘விளக்கம் போதாது.’ ‘உதாரணம் எங்கே?’ ‘நன்று.’ மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அந்த ஓரக் குறிப்புத்தான் ஒரே சாட்சி. ‘உன் பாடசாலையில் இதைச் செய்து பார்த்தாயா?’ என்று ஒரு டியூட்டர் எழுதிவிட்டால், அந்தத் தாளை மாணவர் எறிய மாட்டார். அந்த ஒரு வரி எழுதத் தெரிந்தவரும் இருந்தார், தெரியாதவரும் இருந்தார். யார் கையில் தாள் போய்ச் சேரும் என்பது அதிர்ஷ்டம்.

மைக்கேல் மூர் என்ற கல்வியியலாளர் 1970களிலிருந்து வளர்த்துக்கொண்டு வந்த கருத்து இங்கேதான் பொருந்துகிறது. தொலைக்கல்வியில் தூரம் என்பது கிலோமீற்றர் கணக்கல்ல. பாடத்தில் உரையாடல் எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு, மாணவர் தானே முடிவெடுக்கும் இடம் எவ்வளவு என்பவை சேர்ந்துதான் அந்தத் தூரத்தை உண்டாக்குகின்றன என்றார் அவர். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவரும் அந்தக் கணக்கில் தொலைவில் இருக்கலாம். ஓரக் குறிப்பு ஒன்று ஊர்காவற்றுறை மாணவரை நாவலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தும் விடலாம்.

இணையம் வந்ததும் இந்தத் தூரம் தானாகக் குறைந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்த இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாக இணையத்தில் விட்டபோது 1,60,000 பேர் பதிவுசெய்தார்கள். 190 நாடுகளைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எடெக்ஸ் இரண்டும் வந்தன. உலகமே ஒரு வகுப்பறை என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்தப் பாடங்களை முடித்தவர்கள் யார் என்று எண்ணியபோது, வசதியான நாட்டவரே அதிகம் முடிக்கிறார்கள், வசதி குறைந்த நாட்டவர் பாதியில் விலகுகிறார்கள் என்று தெரிந்தது. இணைய வேகமும் ஆங்கிலமும் ஒரு காரணம்தான். ‘இது நமக்கான இடமில்லை’ என்ற உள்ளுணர்வும் ஒரு காரணம் என்று 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பாடத்தின் தொடக்கத்தில் சில நிமிடம், தனக்கு முக்கியமான விழுமியங்களைப் பற்றி மாணவரை எழுதவைத்தார்கள். அந்த இடைவெளி மூடியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. பிறகு இரண்டரை ஆண்டு, ஏறக்குறைய 250 பாடநெறிகளில், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இப்படிப்பட்ட சிறு பயிற்சிகளைச் செய்து பார்த்தபோது பலன் பெரும்பாலும் கரைந்துபோனது. 2020இல் அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்களின் முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: ஐந்து நிமிடப் படிவம் ஒன்றை எல்லா நாட்டவருக்கும் நீட்டிவிட்டு, ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடும் என்று இருக்க முடியாது.

அந்த வேலை என்ன என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த சார்லட் நிர்மலானி குணவர்தன. 1997இல் அவரும் சக ஆய்வாளர்களும் இணையவழிக் கலந்துரையாடலில் அறிவு எப்படி உருவாகிறது என்பதை ஐந்து கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் கருத்தைப் பகிர்வார்கள், பிறகு முரண்படுவார்கள், பிறகு பேசித் தீர்ப்பார்கள், சோதிப்பார்கள், ஏற்றுக்கொள்வார்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்த அளவுகோலை எடுத்துப் பயன்படுத்தினார்கள். மெக்சிகோவில் ஒருவர் பயன்படுத்தியபோது இரண்டாம் கட்டத்தைக் காணவில்லை. அங்கே ஒருவர் சொன்னதை இன்னொருவர் வெளிப்படையாக மறுப்பது பண்பாகாது. ஆகவே மாணவர்கள் முரண்படாமலே மூன்றாம் கட்டத்துக்குப் போயிருந்தார்கள். அறிவு உருவாகத்தான் செய்தது. அளவுகோல்தான் ஒரு பண்பாட்டின் வழக்கத்தை எல்லாருக்கும் பொதுவென்று எடுத்துக்கொண்டிருந்தது.

இலங்கையில் நடந்தது அதைவிடச் சுவையானது. 2000களில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு நடந்த தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டத்தின் கீழ், இணையவழி டியூட்டர்களையும் வழிகாட்டிகளையும் உருவாக்கும் பயிற்சிகள் நடந்தன. அந்தக் காலத்து முயற்சிகளில் ஒன்றில், வெளிநாட்டு வழிகாட்டிகளும் இலங்கையரும் இணையத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். பாடம் சார்ந்த கலந்துரையாடல் பகுதியில் இலங்கையர் எல்லாரும் மரியாதையாக எழுதினார்கள். ஒருவரும் மற்றவரை மறுக்கவில்லை. குணவர்தனவின் அளவுகோலில் பார்த்தால், இரண்டாம் கட்டம் அந்த வகுப்பிலும் தென்படவில்லை. ஆனால் அதே தளத்தில் சும்மா கதைப்பதற்காக ‘மெய்நிகர் கன்டீன்’ என்று ஒரு மூலை வைத்திருந்தார்கள். அங்கே, பெண்ணின் இடம் எது என்ற பேச்சு எழுந்தபோது, அதே ஆட்கள் சூடு பறக்க வாதாடினார்கள். முரண்பாடு, எதிர்க்கேள்வி, ஆதாரம், பதில் எல்லாம் அங்கே இருந்தன.

இதை முதன்முதலாக வாசித்தபோது, நம் ஊர் வகுப்புகளில் நான் பார்த்த எத்தனையோ மௌனங்களுக்கு விளக்கம் கிடைத்தது போலிருந்தது. “ஏதாவது கேள்வி இருக்கா?” என்று சேர் கேட்பார். சூமில் நாற்பது பெயர் கறுப்புப் பெட்டியாக நிற்கும். “இல்லை சேர்”, “விளங்குது சேர்” என்று நாலு வரி தட்டச்சில் வந்து விழும். வகுப்பு முடிந்து ஒரு நிமிடம் ஆகாது, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில், “மச்சான், அந்த இரண்டாவது கணக்கு அவர் சொன்னது பிழை” என்று ஒருவர் தொடங்குவார். அரை மணித்தியாலம் அங்கே நல்ல வகுப்பு நடக்கும். ஆசிரியருக்கு அது தெரியாது. கலந்துரையாடலுக்கு 10 புள்ளி, அதில் சக மாணவரின் கருத்தை விமர்சிப்பதற்கு 5 என்று அவர் வேறெங்கிருந்தோ வந்த புள்ளித்திட்டத்தைப் பயன்படுத்தினால், அந்தப் பிள்ளைகளுக்குப் புள்ளி குறையும். சிந்திக்கத் தெரியாதவர்கள் என்று பெயரும் கிடைக்கும். இது எனக்கு மிகப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

மறுபக்கமும் உண்டு. மெக்சிகோ மாணவர்களையும் அமெரிக்க மாணவர்களையும் ஒப்பிட்டு 2001இல் குணவர்தன குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கணினிவழித் தொடர்பு மேல்கீழ் வித்தியாசத்தைச் சமமாக்குகிறது என்று மெக்சிகோ தரப்பினர் சொன்னார்கள். முகக்குறிப்பு தெரியாததால் தவறான விளக்கம் வந்துவிடுகிறது என்று கவலைப்பட்டவர்கள் அமெரிக்கர்கள். முகம் தெரியாமை சிலருக்குத் தடையாகவும் சிலருக்கு விடுதலையாகவும் இருக்கிறது. ‘கமராவைப் போடுங்கள்’ என்று கட்டாயப்படுத்தும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஒரே அறையில் தம்பி தங்கைகளோடு இருந்து படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கமரா என்னவாக இருக்கும் என்பதையும் சேர்த்து.

இவ்வளவு தெரிந்த பிறகு ஆசிரியருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டால், பதில் மனத்துக்கு நிறைவாக இல்லை. வழி தெரியாமல் இல்லை. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கில்லி சால்மன் 2000இலேயே ஒரு படிமுறையைச் சொன்னார்: முதலில் உள்ளே நுழைய உதவு, அடுத்தது ஒருவரையொருவர் அறிய விடு, தகவல் பரிமாற்றமும் அறிவாக்கமும் அதற்குப் பிறகுதான். குணவர்தன குழு 2006இல் எழுதிய மாதிரியும் சமூகம் ஒன்றைக் கட்டுவதையே முதலில் வைத்தது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் நியூ மெக்சிகோவைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து, வெளிநாட்டு வழிகாட்டிகளோடு, நாட்டெல்லை கடந்த ஆசிரியத் தொழில்விருத்திப் பாடநெறி ஒன்றை நடத்தி, 2017இல் அதன் அனுபவத்தை எழுதினார்கள். ஆசிரியரை முதலில் இணைய மாணவராக்கும் முறை இது. தாமதமாக வரும் பதிலுக்குக் காத்திருக்கும் தவிப்பும், ஆங்கிலத்தில் முதல் வரி எழுதும்போது வரும் கூச்சமும், யாரும் பதில் போடாத பதிவு தரும் வெறுமையும் அவருக்கே பழக்கமாகிவிடும். ஓரக் குறிப்பின் அருமை பிறகு அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் 2020இல் கொரோனா வந்து பல்கலைக்கழகங்கள் மூடியபோது பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கிடைத்தது மென்பொருள் பயிற்சி. எங்கே அழுத்தினால் திரை பகிரலாம், எங்கே அழுத்தினால் பதிவாகும், அவ்வளவு. இலங்கையில் பல்கலைக்கழகத் தளங்களுக்கு இலவச இணைய வசதி கொடுத்தார்கள். அது பெரிய காரியம், நன்றியோடு சொல்ல வேண்டும். மலையோரக் கிராமங்களில் சிக்னல் தேடிப் பாறையில் ஏறிய பிள்ளைகளும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள். அவசரத்தில் செய்தது அப்படித்தான் இருக்கும். என் கவலை, அவசரம் போய் இத்தனை ஆண்டான பிறகும், ‘இணையவழிக் கற்பித்தல் பயிற்சி’ என்ற பெயரில் அதே பொத்தான் பாடம் தொடர்வதுதான். இன்று விரிவுரையின் எழுத்து வடிவம் தமிழில் கிடைக்கிறது, காணொளிக்கு வரியுரை தானாக ஓடுகிறது. பாடத்தில் வரும் உதாரணம் எந்த ஊர் வங்கி, எந்த ஊர் வைத்தியசாலை, எந்த ஊர் குடும்பம் என்பதை மொழிபெயர்ப்பு மாற்றாது. அதை மாற்ற வகுப்பில் இருப்பவர்களை அறிந்த ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைவழி மாணவர்கள் இன்றும் இலங்கையில் இருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கு இணையத்தளம் உண்டு, பதிவுசெய்த விரிவுரை உண்டு, சில பாடநெறிகளில் டியூட்டரும் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் மலேசியாவிலும் இந்தியாவிலும் இருந்து பட்டங்கள் கைப்பேசிக்கே வருகின்றன. தாதியர், கணக்காளர், ஆசிரியர், மென்பொருளாளர் என்று தொழில் பார்த்துக்கொண்டு இரவில் படிப்பவர்கள்தான் பெரும்பகுதி. ஒரே இணைய வகுப்பில் நைஜீரியரும் தமிழரும் போலந்துக்காரரும் இருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் ஒரு காரைதீவு ஆசிரியர் தனியாகச் சுமந்ததை இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சுமக்க வேண்டிய காலம் இது அல்ல.

ஆகவே கற்பிக்கும் நிறுவனங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இணையவழியில் கற்பிக்கப்போகும் ஒவ்வொருவரையும், வேறு நாட்டவரும் இருக்கும் ஓர் இணையப் பாடநெறியில் ஒரு தவணையாவது மாணவராக இருக்கச் செய்யுங்கள். அந்த நேரத்தை அவருடைய வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். மென்பொருள் உரிமத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை டியூட்டரின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள்; இருபது மாணவரின் பெயரையும் ஊரையும் தெரிந்துவைக்க ஒருவருக்கு நேரம் வேண்டும். புள்ளித்திட்டத்தை எழுதும் முன் உங்கள் மாணவர்கள் எப்படி மறுப்புச் சொல்வார்கள் என்று கேட்டு அறியுங்கள். புள்ளி இல்லாத ஒரு கன்டீனைத் திறந்து வையுங்கள். இதை வாசிக்கும் நீங்கள் அப்படியொரு வகுப்பின் மாணவராக இருந்தால், “விளங்குது சேர்” என்று எழுதுவதற்கு முன், விளங்காததை ஒருமுறை எழுதிவிடுங்கள்; எல்லார் முன்னும் கூச்சமாக இருந்தால் தனிச் செய்தியில் எழுதினாலும் சரி.